ஏழரை

குறும்பனைக்காரன் என்றதும்
கடலா என்று கேட்கிறார்கள்.
இல்லை.
மஞ்சள் காமாலை.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள்.
ஊரிலேயே நீச்சல் தெரியாத ஒருவன்
தண்ணீரில் சாகவில்லை வென்சிலாஸ்.

இசைக்குழுவில் அவனுக்கு என்ன வேலை
என்றும் கேட்கிறார்கள்.
ஓம்னி ஓட்டுவான்.
ஸ்பீக்கர் பெட்டியின் கனத்த பக்கத்தைப் பிடிப்பான்.
கல்யாண வீட்டில் எங்களுக்கு முன்னால் பந்திக்கு ஓடி
நாலு நாற்காலியில் நாலு கர்ச்சீப் போட்டு வைப்பான்.
பாடத் தெரியாது.
பூசையில் அவன் வாயைத் திறந்தால்
முன்பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

ஆனால் தட்டுவான்.
ஸ்டியரிங்கில், சாயா கிளாசில், யாருடைய முதுகிலும்.
எட்டு எண்ணிக்கைப் பாட்டு
அவன் விரலில் ஏழரையில் முடிந்துவிடும்.
அடுத்த சுற்றை அரை எண்ணிக்கை முன்னாலேயே
அவன் மட்டும் தொடங்கிவிடுவான்.
‘லேய், ஒழுங்காத் தட்டு,
இல்லேங்கி கைய வச்சிட்டு சும்மா இரி.’
பதினான்கு வருடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.
‘பாட்ட நீ பாரு மக்கா,
ரோட்ட நான் பாத்துக்கிடுதேன்.’

ஆண்டு பூசைக்கு ஒரு மெட்டு வேணும்,
அழுவாச்சியா வேண்டாம் என்றாள் ஜெசிந்தா.
கருங்கலில் மருந்துக்கடைக்கு மேலே என் அறை.
முதல் ராத்திரியே அவள் பேச்சை மீறி
சுபபந்துவராளியில் இறங்கினேன்.
நன்றாகத்தான் வந்தது.
யார் செத்தாலும் பொருந்தும்
வாடகைக் கோட்டு மாதிரி.
அழித்தேன்.
மறுநாள் வயலின்களை நிரப்பினேன்.
ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த கடைக்காரர்
‘யாருக்காக்கும், பெரிய ஆளோ?’ என்றார்.
அதையும் அழித்தேன்.

ஐப்பசி மழை.
திங்கள்சந்தையிலிருந்து ராத்திரி வந்துகொண்டிருந்தேன்.
வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன்.
வைப்பர் போட்டேன்.
மூன்று முறை ஒழுங்காகப் போய் வந்தது.
நாலாவது திரும்பலில்
ரப்பர் எங்கோ மடங்கித் துள்ளி
பாதியில் வந்து விழுந்தது.
மறுபடி மூன்று.
மறுபடி துள்ளல்.

ஓரம்கட்டினேன்.
பின்னால் வந்த டெம்போக்காரன்
என் தாயைச் சொல்லித் திட்டிவிட்டுப் போனான்.
கண்ணாடி தெளிந்தது, மங்கியது, தெளிந்தது.
ஏழரை. ஏழரை. ஏழரை.

நீ தப்பாகத் தட்டவில்லை.
வண்டிக்குத் தட்டியிருக்கிறாய்.
வெயில் நாளிலும் அதே கணக்கில்.
அப்படியென்றால் இத்தனை வருடம்
பின்சீட்டில் நான் போட்ட ஒரு மெட்டையும்
நீ கேட்கவே இல்லையா லே?
தனியாக உட்கார்ந்து கோபப்பட்டேன்.
கோபம் தீர்ந்தபோது மழை விட்டிருந்தது.
வைப்பர் உலர்ந்த கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

அதில்தான் போட்டேன்.
டிரம்ஸ் பெபின் இரண்டு சுற்று வாசித்து நிறுத்தினான்.
‘எங்கயோ இடிக்கு அண்ணே.
பூசையில ஏழரையக் கூட்டாதேயும்.’
இடிக்கட்டும் என்றேன்.

போன வாரம் எஃப்சிக்கு விட்ட இடத்தில்
கேட்காமலே வைப்பரை மாற்றிவிட்டார்கள்.
பில்லில் இருநூற்று ஐம்பது ரூபாய்.
பழையது எங்கே என்றேன்.
பையன் ஒரு தகரக் கூடையைக் காட்டினான்.
ஒரே மாதிரி இருபது முப்பது கிடந்தன.
குனிந்து பார்த்துவிட்டு வந்தேன்.
புதியது சத்தமே போடுவதில்லை.

நாளை காலை ஆறரைக்குப் பூசை.
இப்போதும் கவனம் பிசகினால்
விரல் எட்டுக்கு ஓடுகிறது.
பிடித்து இழுத்து வருகிறேன்.
கோயில் வாசலில் பெட்டியை இறக்க
பெபின் வந்து நிற்கிறான்.
‘கனத்த பக்கம் எதுண்ணே?’

எனக்குத் தெரியாது.
எப்போதும் அதை
நீதான் பிடிப்பாய்.